இலங்கையில் பல்லி பார்க்கலாம்: வீட்டுச் சுவர் முதல் மலைப்பாறை வரை ஒரு வழிகாட்டி

இலங்கையில் 50-க்கும் மேற்பட்ட பல்லி இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆனாலும் யானைக்கும் சிறுத்தைக்கும் ஜீப் பிடிக்கிற கூட்டத்தில் பல்லிக்காகப் போகிறவர்கள் அரிது. பல்லி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், அதற்கு ஏன் வெளியே போக வேண்டும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். தொடக்கத்தில் வெளியே போகவே தேவையில்லை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் குழம்புகிறார்கள். ஒரே பல்லி பகலில் கரும்பழுப்பாக இருக்கும், இரவில் விளக்கடியில் வெளிறிப் போகும். அதை இரண்டு இனமாக எழுதிவைத்துவிடுவார்கள். பல்லியை அடையாளம் காண உதவுவது அதன் காலும், அது நிற்கிற இடமும். இந்த இரண்டையும் பார்க்கப் பழகிவிட்டால் மீதி மெல்ல மெல்ல வந்துவிடும்.

1. முன்வாசல் விளக்கடியில் தொடங்குங்கள்

ஒரு டோர்ச், போனில் உள்ள கமரா, ஒரு கொப்பி. இவ்வளவு போதும். தலையில் மாட்டும் டோர்ச் கிடைத்தால் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். பல்லிகள் வருகிற வரிசையைக் கவனியுங்கள். பல்புக்கு மிக அருகில் வந்து நிற்கிறது பெரும்பாலும் பெரிய ஆண். சின்னவை வெளிச்சத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். கிட்ட வந்தால் துரத்தப்படும், சில நேரம் கடியும் வாங்கும். குட்டிப் பல்லியைப் பெரிய பல்லி விழுங்குவதும் நடக்கும். மழை விட்டு ஈசல் கிளம்பும் மாலைதான் இதற்கு மிக நல்ல நேரம். அன்றைக்கு எல்லாப் பல்லியும் எல்லையை மறந்து தின்னும்.

அப்புறம் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். சமையலறைச் சன்னல், குளியலறை, கிணற்றுக்கட்டு, மதில், விறகு அடுக்கி வைத்த இடம், தகரக் கொட்டில். விளக்கடியில் நிற்பவையும் விறகுக் குவியலில் நிற்பவையும் ஒரே இனமாக இராது. எது எங்கே நின்றது, தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெளிச்சத்திலா இருட்டிலா என்று எழுதுங்கள். படம் எடுக்க முடியாமல் போனாலும் இந்தக் குறிப்பு பின்னால் கைகொடுக்கும்.

2. உடம்பில் பார்க்க வேண்டிய நாலு இடம்

கால் விரல். இதுதான் முதலாவது. வீட்டுச் சுவரில் ஏறுகிற பல்லிகளின் விரல் அடியில் அகன்ற மெத்தை இருக்கும். அந்த மெத்தையில் குறுக்கே தட்டுத் தட்டாக வரிகள். ஒவ்வொரு தட்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு மயிரும் நுனியில் மேலும் பிரிந்து நிற்கும். பல்லி சுவரில் நிற்பது பசையாலும் அல்ல, உறிஞ்சுவதாலும் அல்ல. அந்த நுண்மயிர் நுனிகளுக்கும் சுவருக்கும் இடையில், மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது உண்டாகும் வான்டர்வால்ஸ் ஈர்ப்பு விசைதான் தாங்குகிறது. டெஃப்லான் பூசிய பாத்திரத்தில் பல்லி வழுக்கி விழுவதும் இதனால்தான்.

காட்டுப் பல்லிகளில் பலவற்றுக்கு இந்த மெத்தை கிடையாது. விரல் ஒல்லியாக, கணுவில் மடிந்து, பறவையின் விரல் மாதிரி இருக்கும். பாறை, மரப்பட்டை, இலைச்சருகு ஆகியவற்றில் நகத்தால் பற்றிக்கொண்டு வாழ்பவை அவை. மெத்தை இருக்கிறதா இல்லையா என்ற ஒரு கேள்வியே இலங்கைப் பல்லிகளை இரண்டு பெரும் பங்காகப் பிரித்துவிடும்.

விரலின் அடிப்பக்கத்தை எப்படிப் பார்ப்பது? பிடிக்க வேண்டாம். சன்னல் கண்ணாடியில் பல்லி வந்து நிற்கும்போது மறுபக்கத்திலிருந்து படம் எடுங்கள். விரல் தட்டுகள், நகங்கள், பெண்ணாக இருந்தால் வயிற்றுத் தோலின் ஊடாகத் தெரியும் இரண்டு வெள்ளை முட்டைகள் என எல்லாம் ஒரே படத்தில் அகப்படும். நல்ல கமராவைவிடச் சுத்தமான சன்னல் கண்ணாடி பிரயோசனமானது.

கண். இரவில் நடமாடும் பல்லிக்குக் கண்மணி நெடுக்கான கீற்று. பகலில் நடமாடும் சிறு காட்டுப் பல்லிகளுக்கு அது வட்டம். ஒரு எச்சரிக்கை: இருட்டில் கீற்றுக் கண்மணியும் விரிந்து வட்டமாகத் தெரியும். டோர்ச் வெளிச்சம் பட்டுச் சில நொடி கழித்து அது சுருங்குகிறதா என்று பாருங்கள். நம் நாட்டுப் பல்லி எதற்கும் மூடித் திறக்கும் இமை இல்லை. கண்ணை நாக்கால் நக்கித்தான் துடைக்கும். இமை கொட்டினால் அது பல்லி அல்ல, ஓணானோ அரணையோ.

முதுகு. வழவழப்பா, அல்லது சிறு முண்டுகள் வரிசையாக இருக்கின்றனவா? டோர்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் முண்டுகளின் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்.

வால். இது உதவியும் செய்யும், ஏமாற்றவும் செய்யும். முதல் வால் என்றால் அதன் முள் வரிசையும் பட்டையும் இனத்தைச் சொல்லிவிடும். அறுந்து மறுபடி முளைத்த வால் என்றால் அந்த அடையாளங்கள் போய்விடும். புது வாலுக்குள் முதுகெலும்புக் கணுக்கள் இல்லை, குருத்தெலும்புக் குச்சிதான். வெளியே நிறமும் செதிலும் வேறாக இருக்கும். எந்த இடத்தில் அறுந்தது என்பது ஒரு கோடுபோலத் தெரியும். ஆகவே வாலைப் பார்க்குமுன் அது பழையதா புதியதா என்று பாருங்கள்.

3. வீட்டிலும் சுற்றிலும் உள்ளவை

தமிழில் எல்லாவற்றுக்கும் நிலைத்த பெயர் இன்னும் இல்லை. ஆகவே கொப்பியில் அறிவியல் பெயரையும் சேர்த்தே எழுதுவது நல்லது. இங்கே விளக்கமான தமிழ்ப் பெயரோடு தருகிறேன்.

சாதாரண வீட்டுப் பல்லி, அதாவது ஹெமிடாக்டிலஸ் ஃப்ரெனாட்டஸ். “சிக் சிக் சிக்” என்று சொல்கிற பல்லி இதுதான். முதுகு ஏறக்குறைய வழவழப்பு. வாலில் வளையம் வளையமாகச் சிறு முட்கள். சுவரும் விளக்கும் இருந்தால் எங்கும் வாழும். இதன் முட்டை ஓடு கடினமானது, சுலபத்தில் காய்ந்துபோகாது. மரப்பெட்டியிலோ சரக்கிலோ கிடந்தபடியே கடல் கடந்துவிடும். வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றுக்கு இது இப்படித்தான் மனிதனின் கப்பல்களில் பரவியது. பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லும் பலன் திசை திசையாக இருக்கிறது. எந்த இனத்துப் பல்லி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பதில் அனேகமாக இதுவாகத்தான் இருந்திருக்கும்.

புள்ளிப் பல்லி, ஹெமிடாக்டிலஸ் பர்விமாகுலாட்டஸ். முதுகில் முண்டுகள் வரிசையாக, தொடாமலே சொரசொரப்புத் தெரியும். கரும்புள்ளிகள் உண்டு. முன்னதைவிடத் தாழ்வான இடங்களை விரும்பும்: சுவரின் அடிப்பகுதி, செங்கல் குவியல், கல் இடுக்கு, சில நேரம் தரை. விளக்கடியில் வீட்டுப் பல்லியும் நிலத்தோரம் இதுவுமாக ஒரே வீட்டில் இரண்டையும் பார்க்கலாம்.

மரப்பட்டைப் பல்லி, ஹெமிடாக்டிலஸ் லெஷனோல்டி. உலர் வலயத்துப் பெரிய மரங்களில் இருக்கும். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புப் பக்கத்தில் இருப்பவர்கள் வேம்பு, புளி, பனை மரங்களின் தண்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிற முதுகில் அலை அலையான கோலம். அசையாமல் இருந்தால் பட்டையோடு பட்டையாகிவிடும். வீட்டுப் பல்லியைவிடப் பருமன். சில நேரம் மரத்திலிருந்து வீட்டுச் சுவருக்கும் மாறிவிடும்.

கண்டிப் பல்லி, ஹெமிடாக்டிலஸ் டிப்ரெஸஸ். இலங்கைக்கு மட்டுமே உரியது. தட்டையான உடம்பு, முதுகில் கரிய குறுக்குப் பட்டைகள். ஈர வலயத்திலும் மலையடிவாரத்திலும் பாறை, மரம், வீட்டுச் சுவர் மூன்றிலும் வாழும். காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற பல்லி என்பதால் புதியவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய இனம் இது. கண்டி, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் காட்டோரமாக ஒரு வீட்டில் தங்கினால் வாய்ப்பு அதிகம்.

நாலு நகப் பல்லி, கெஹைரா மியூட்டிலாட்டா. வெளிறிய இளஞ்சிவப்பு, ஒளி ஊடுருவுவது போன்ற தோல், அடியில் இறுகிப் பின் அகன்ற வால். உள்பக்கத்து முதல் விரலில் நகம் இல்லை; கண்ணாடிப் படத்தில் எண்ணிப் பாருங்கள். இதைத் தொடவே கூடாது. வாலைப் போலவே தோலையும் உரித்துவிட்டுத் தப்பிப்பது இதன் பழக்கம்.

இன்னும் இரண்டு சிறிய இனங்கள் உண்டு: ஹெமிஃபிலோடாக்டிலஸ் டைபஸ், லெபிடோடாக்டிலஸ் லுகுப்ரிஸ். முதலாவது குட்டைக் கால்களோடு மெலிந்து நீண்டது. இரண்டிலும் வியப்பு என்னவென்றால் ஆண் இல்லாமலே பெண் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒரேயொரு பெண் வந்து சேர்ந்தாலே ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

4. வீட்டில் கேட்கும் மூன்று கேள்விகள்

பல்லி விஷமா? இல்லை. இலங்கையில் எந்தப் பல்லிக்கும் நஞ்சு கிடையாது. ஆனால் பாலிலோ கறியிலோ விழுந்தால் அதைக் கொட்டிவிடுவதுதான் சரி. அதன் எச்சத்திலும் உடம்பிலும் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். சமையல் மேசையையும் தண்ணீர்ப் பானையையும் மூடிவைத்தால் போதும். எச்சத்தைத் துடைத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

அலுமாரிக்குப் பின்னால் வெள்ளையாக, உருண்டையாக இரண்டு முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது, என்ன செய்ய? விட்டுவிடுங்கள். பல்லி பெரும்பாலும் இரண்டிரண்டாகத்தான் இடும். பிய்த்தால் உடையும். பக்கத்திலேயே பழைய ஓடுகள் இருந்தால் அது பல பல்லிகள் திரும்பத் திரும்ப வருகிற இடம்.

கழுத்தின் இருபுறமும் வெள்ளையாக வீங்கியிருக்கிறதே, நோயா? சில இனங்களில் அது முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துவைக்கும் பை. நோயல்ல.

5. வளவும் தோட்டமும்

வீட்டுப் பல்லிகளைத் தயங்காமல் பிரித்துச் சொல்ல வந்ததும் வளவுக்கு இறங்குங்கள். காட்டுக்கு அவசரப்பட வேண்டாம்.

உலர் வலயத்தில் கறையான் புற்றுகளைக் கவனியுங்கள். ஹெமிடாக்டிலஸ் லங்கே என்ற புற்றுப் பல்லி பகலில் அதன் துளைகளில் ஒளிந்து இரவில் தரையில் இரை தேடும். வெள்ளைக் கரையிட்ட கரும்பட்டைகள் முதுகின் குறுக்கே ஓடும். என் கண்ணுக்கு நம் நாட்டுப் பல்லிகளில் மிக அழகானது இதுதான். புற்றைக் கிண்டாதீர்கள். அதே துளைகளில் நல்ல பாம்பும் இருக்கும். மூன்று நாலு எட்டுத் தள்ளி நின்று டோர்ச் அடிப்பதே போதும்.

மலையகத்தில் தேயிலைக்கு நடுவே விட்டுவைத்த பெரிய பாறைகள், மதகுகள், லயன்களின் பின்புறக் கல் அணைகள் எல்லாம் பார்க்கத் தகுந்தவை. நிழலும் ஈரமும் மிச்சமிருக்கிற ஓடைக்கரை என்றால், பகல் நேரத்தில் விரல் நீளத்தில் ஒரு பல்லி பாறையின் அடிப்பக்கத்தில் ஓடுவதைப் பார்க்கலாம். அங்கேதான் அடுத்த படி தொடங்குகிறது.

6. பகலில் காடு: நெமாஸ்பிஸ்

இலங்கைப் பல்லிகளின் கதையில் பாதிக்கு மேல் நெமாஸ்பிஸ் என்ற இந்த ஒரு பேரினத்தை, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியைப் பற்றியது. உடம்பு பெரும்பாலும் 3 முதல் 4 செ.மீ., வால் தனி. வட்டக் கண்மணி, மெத்தையில்லா விரல், பாறையின் நிறம். 2000-ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க நெமாஸ்பிஸ் இனங்களே தெரிந்திருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 30-ஐத் தாண்டிவிட்டது. புதிதாக வந்து குடியேறியவை அல்ல. ஒவ்வொரு மலையாகப் போய்ப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் வேறொன்று இருந்தது.

காரணம் எளிது. இவை நிழலும் ஈரமும் குளிர்ந்த பாறையும் இல்லாமல் வாழா. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போக வெயில் காயும் சமவெளியைக் கடக்க வேண்டும், கடப்பதில்லை. நெடுங்காலம் அப்படிப் பிரிந்து கிடந்ததில் தனித்தனி இனங்களாகிவிட்டன. பெயர்களே ஊரைச் சொல்லும்: ரிட்டிகலை மலையிலிருந்து நெமாஸ்பிஸ் ரெட்டிகலென்சிஸ், சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து நெமாஸ்பிஸ் சமனலென்சிஸ். இரண்டும் 2007-ல் பெயர் பெற்றவை. ரம்மலகந்தையிலிருந்து நெமாஸ்பிஸ் ரம்மலென்சிஸ். பழைய பெயர்களில் கண்டியின் பெயரைத் தாங்கிய நெமாஸ்பிஸ் கண்டியானாவை, இலங்கையில் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான எட்வர்ட் ஃப்ரெடெரிக் கெலார்ட் 1852-ல் விவரித்தார்.

கப்பலேறி உலகம் சுற்றிய வீட்டுப் பல்லி ஒரு பக்கம். அடுத்த மலைக்குக்கூடப் போகாத இது மறுபக்கம். இரண்டும் ஒரே தீவில். மேலே நிற்கும் மரங்களை வெட்டினால் பாறை சூடாகிவிடும். நெமாஸ்பிஸ் அங்கே நிற்காது, போக வேறிடமும் இராது. அந்த இடத்துக்கு வீட்டுப் பல்லி வந்துவிடும்.

தேடும் முறை இப்படி. காலை வெயில் ஏறிய பிறகு போங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம். பாதையோரப் பாறைகளே போதும். நிழல் விழும் பக்கம், பாறையின் உட்குழிவான அடிப்பகுதி, பெரிய மரத்தின் வேர்மூலத்தில் உள்ள பொந்து, இடிந்த பழைய கட்டடத்தின் உட்சுவர் ஆகியவற்றைப் பாருங்கள். பழைய கற்குகை விகாரைகளும் மண்வீட்டுச் சுவர்களும்கூட இவற்றுக்குப் பிடித்தவை. ஒரே இடத்தில் அசையாமல் நின்று கண்ணால் மெதுவாகத் துழாவுங்கள். நடந்துகொண்டே தேடினால் அவை உங்களை முதலில் பார்த்து மறுபக்கம் போய்விடும். ஓடியது ஒளிந்தால் காத்திருங்கள். பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

இனத்தைக் களத்திலேயே சொல்லிவிட முயலாதீர்கள். நெமாஸ்பிஸ் இனங்களைப் பிரிப்பது தொண்டைச் செதில்களின் வடிவம், ஆணின் தொடையில் உள்ள துளைகளின் எண்ணிக்கை போன்றவற்றால். நமக்குத் தேவை மலை எது, உயரம் எவ்வளவு, பாறையா மரமா என்ற குறிப்பு. இடம் சரியாகத் தெரிந்தால் தெரிந்தவர்களால் இனத்தை ஏறக்குறையச் சொல்லிவிட முடியும்.

எங்கே தொடங்குவது? கண்டி நகரோடு ஒட்டிய உடவத்தகலைக் காடு புதியவர்களுக்கு வசதியானது. அனுமதிச்சீட்டு வாங்கிப் பகலில் நடக்கலாம். 1988 முதல் உலக மரபுரிமையாக உள்ள சிங்கராஜவுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வாயிலில் சீட்டு எடுத்து வழிகாட்டியோடு போக வேண்டும். வழிகாட்டியிடம் “ஹூனா”, அதாவது சிங்களத்தில் பல்லி, பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். முதலில் சிரிப்பார், அப்புறம் யாருக்கும் காட்டாத பாறையைக் காட்டுவார். ரிட்டிகலையில் அடிவாரத் தொல்பொருள் பகுதி மட்டும்தான் பார்வையாளர்களுக்குத் திறந்தது. மேலே உள்ளது இயற்கை ஒதுக்கிடம், அங்கே ஏறக் கூடாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஈர வலயக் காட்டில் அட்டை நிறைய. நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள்.

7. இரவில் காடு: முன்யோசனை இல்லாமல் வேண்டாம்

வளைவிரல் பல்லிகளும் தரைப் பல்லிகளும் இரவுக்காரர்கள். சிர்டோடாக்டிலஸ் ஃப்ரெனாட்டஸ் கண்டி, மாத்தளைப் பக்கப் பாறைகளிலும் குகைகளிலும் வாழும் பெரிய பல்லி. நக்கிள்ஸ் மலைக்கு ஒன்று, றம்பொடைக்கு ஒன்று, ஊவாவில் நமுனுகுலைக்கு ஒன்று என்று வளைவிரல் பல்லிகளும் மலைக்கு மலை மாறும். தரைப் பல்லிகள் சிறியவை. ஈர வலயத்தில் கரும்பழுப்பில் வெள்ளைப் புள்ளி இட்ட சிர்டோடாக்டிலஸ் ட்ரைஎட்ரஸ், வடபகுதி உலர் காட்டில் சிர்டோடாக்டிலஸ் யக்ஹுனா. பாதையோர இலைச்சருகில் மெதுவாக நடந்து போகும்போது காணலாம்.

தேசிய பூங்காக்களிலும் ஒதுக்கிடங்களிலும் இரவில் நடக்க அனுமதி இல்லை. ஆகவே இரவுப் பல்லி பார்க்க விரும்பினால் காட்டோரத்தில் உள்ள தங்குவிடுதியின் வளவு அல்லது உரிமையாளர் சம்மதித்த தனியார் தோட்டம்தான் சரியான வழி. யானை நடமாடும் உலர் வலயக் கிராமம் என்றால் ஊர்க்காரர் போகாதே என்று சொன்ன பக்கம் போகாதீர்கள். அதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

பாம்பு பற்றி. ஈர வலயத்தில் சருகோடு சருகாகச் சுருண்டிருக்கும் கோப்பி விரியன். உலர் வலயத்தில் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும். பல்லியைத் தேடிச் சுவரில் ஏறும் ஓநாய்ப் பாம்பு நஞ்சில்லாதது. ஆனால் பார்வைக்குக் கட்டுவிரியன்போல இருக்கும். ஆகவே எந்தப் பட்டைப் பாம்பையும் “இது ஓநாய்ப் பாம்புதான்” என்று துணிந்து நெருங்க வேண்டாம். கணுக்காலுக்கு மேல் வரும் சப்பாத்து போடுங்கள். மரத்தைப் பார்க்க நின்று பாருங்கள், நடக்கும்போது டோர்ச் நிலத்தில் இருக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத இடுக்கில் கையை விடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள். கடி பட்டால் வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். அசையாமல் வைத்து, அம்புலன்ஸ் எண்ணான 1990-க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சருகில் பச்சையாக மினுங்கும் சிறு புள்ளிகள் பெரும்பாலும் சிலந்திக் கண்கள். அதன் பின்னால் அலைந்தால் இரவு முழுவதும் சிலந்திதான் கிடைக்கும்.

8. உலர் வலயத்தின் பாறைகள்

இது கடைசிப் படி. வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்திருக்கிறேன். தென்கிழக்கின் பெரும் பாறைகளில் இரண்டு பல்லிகள் இருக்கின்றன.

ஒன்று பொன் பல்லி, கலோடாக்டிலோடிஸ் இல்லிங்வர்த்தோரம். அம்பாறை, மொனராகலை மாவட்டங்களின் குகைகளிலும் பாறை இடுக்குகளிலும் வாழ்கிறது. ஆணின் தொண்டை மஞ்சள். பல பெண்கள் ஒரே பாறைச் சுவரில் முட்டை இடும். பழைய ஓட்டின் தடத்தின்மேல் புது முட்டை, அதன்மேல் இன்னொன்று. பல்லியைக் காணாவிட்டாலும் பாறையின் கூரையில் வெள்ளை வட்டங்கள் நெருக்கமாகத் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். இந்தப் பேரினத்தில் உலகிலேயே இரண்டு இனங்கள்தான். மற்றது இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலையில், திருப்பதி உட்பட, இருக்கிறது.

மற்றது பெரும்புள்ளிப் பல்லி, ஹெமிடாக்டிலஸ் ஹூனே. இலங்கையின் மிகப் பெரிய பல்லி. வால் நீங்கலாகவே 10 செ.மீ.க்கு மேல் வளரும். பகலில் பாறை வெடிப்பில் இருக்கும், பொழுது பட்டதும் முகப்புக்கு வரும். இரண்டு இனத்தையும் அறிவியலுக்கு விவரித்தவர் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல, ஹூனேயை 1937-லும் பொன் பல்லியை 1953-லும்.

முட்டைச் சுவரருகே டோர்ச்சை நெடுநேரம் அடிக்காதீர்கள், புகை போடாதீர்கள், பாறையில் எதையும் சுரண்டாதீர்கள். குகை கோயிலாகவோ தொல்பொருள் இடமாகவோ இருந்தால் அங்குள்ளவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

9. படம், குறிப்பு, பகிர்வு

ஒவ்வொரு பல்லிக்கும் முடிந்தால் ஐந்து படம்: முழு உடல் மேலிருந்து, பக்கவாட்டில் தலை, கால் விரல், வால், அது நின்ற இடம். ஐந்தாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாறையும் சுற்றிலுள்ள நிழலும் தெரிகிற அந்தப் படம் இல்லாமல் மற்ற நாலும் பாதி ஊமை. அளவு தெரிய விரும்பினால் பல்லி போன பிறகு அதே இடத்தில் பேனையை வைத்து ஒரு படம் எடுங்கள்.

பிடித்து அளக்க வேண்டாம். காட்டுப் பல்லியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் நாட்டை விட்டுக் கொண்டுபோவதும் அனுமதியில்லாமல் செய்தால், 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் இதற்காக விமான நிலையத்தில் பிடிபட்டதும் உண்டு. ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் அனுமதி எடுத்துத்தான் செய்கிறார்கள்.

படங்களை, உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று அங்கே பதிவாகியிருந்தால் தளமே இடத்தை மங்கலாக்கிவிடும். ஆனால் புதிதாகப் பெயர் பெற்ற நெமாஸ்பிஸுக்கும் பொன் பல்லிக்கும் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஏற்றும்போதே இடத்தை மறைக்கும் தெரிவைப் போடுங்கள். முகநூலில் போடுகிறீர்களா? மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். பாறையின் பெயரும் போகும் வழியும் கொப்பியில் மட்டும் இருக்கட்டும். படக் கோப்பிலேயே இருப்பிடம் பதிந்திருக்கும் என்பதால், ஒருவருக்கு அனுப்புமுன் போன் அமைப்பில் அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.